துப்பறியும் நாவல் மேடைக்கு வந்தபோது

தமிழ்த் தொழில்முறை நாடகம் புராணத்தை விட்டுச் சமகால வாழ்க்கைக்கு வந்ததை, சீர்திருத்தக்காரர்களின் கொடையாகவே பெரும்பாலும் எழுதிவருகிறோம். 1940களில் அண்ணாவின் நாடகங்கள் பெற்ற செல்வாக்கு அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே, சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனி மேடைகளில் வக்கீல்களும் போலீஸ்காரர்களும் நடமாடத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் கூட்டிவந்தவை, படித்தவர்கள் மறைத்து வைத்துப் படித்த துப்பறியும் நாவல்கள். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வெளிவந்து பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. அதையும் 'சந்திரகாந்தா' முதலிய அவரது மற்ற நாவல்களையும் நாடகமாக்கி, கம்பெனிச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எம். கந்தசாமி முதலியார், நடிகர் எம்.கே. ராதாவின் தந்தை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள். நாவல் தந்த கதையைவிட, அந்தக் கதை மேடையின் வேலைமுறையையே மாற்றும்படி கட்டாயப்படுத்தியதுதான் பெரிய விஷயம் என்பது என் வாதம்.

புராண நாடகங்களின் ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தபோது அவர் விட்டுச்சென்ற மேடையில் கதை ஒரு ரகசியம் அல்ல. வள்ளியை முருகன் மணப்பான், சாவித்திரி கணவனை மீட்பாள் என்பது கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கும் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க யாரும் வரவில்லை. இன்ன பாட்டை இன்னார் இன்று எப்படிப் பாடுவார், தர்க்கத்தில் யார் யாரை மடக்குவார் என்று பார்க்க வந்தார்கள். ஸ்பெஷல் நாடகம் என்ற ஏற்பாடே இதனால்தான் சாத்தியமானது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்று மாலை வந்திறங்கி, ஒத்திகை இல்லாமல் விடியவிடிய நடித்துவிட்டுப் போக முடிந்தது. கொலைப்பழி சுமந்தவனையும் ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனையும் வைத்து இப்படி நாடகம் போட முடியாது. ஒரு துப்பு வசனத்தில் விடுபட்டால் கடைசிக் காட்சி நிற்காது. பாட்டைக் கால் மணி நேரம் இழுத்தால் சந்தேகம் ஆறிப்போகும். ஆகவே வசனம் எழுதப்பட்டபடி, வரிசைப்படி, எல்லோர் காதிலும் விழும்படி வந்தாக வேண்டும். அதற்குத் தினமும் ஒத்திகை வேண்டும், ஒரே இடத்தில் தங்கும் நடிகர்கள் வேண்டும், கண்டிப்பான வாத்தியார் வேண்டும். இந்த மூன்றும் பாய்ஸ் கம்பெனியில்தான் இருந்தன. 1925இல் தொடங்கிய டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையில் கந்தசாமி முதலியாரின் முறை வேர்பிடித்ததில் வியப்பில்லை. சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் அவரை நாடக மறுமலர்ச்சியின் தந்தையாகப் போற்றியது குருபக்தியால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

'மேனகா'வின் கதை இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறது. டெபுடி கலெக்டரின் மகளான மேனகாவைக் கணவனின் விதவைச் சகோதரிகள் சதி செய்து விற்றுவிடுகிறார்கள். அவள் போய்ச்சேர்ந்த வீட்டின் எஜமானி நூர்ஜஹான் அவளைக் காப்பாற்றுகிறாள். கதை பரபரப்பானது, நம்பகத்தன்மை குறைவு. ஆனாலும் நாத்தனார் கொடுமையையும் வைதிகக் குடும்பத்தின் உள்ளறையையும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் வீட்டு உடையிலேயே, வீட்டுப் பேச்சிலேயே பார்த்தார்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் இல்லாத நடிகனுக்கு முகமும் குரலும்தான் மிச்சம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. காசி விசுவநாத முதலியாரின் 'டம்பாச்சாரி விலாசம்' 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு மிராசுதாரின் சீரழிவைக் காட்டியது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி உரைநடை வசனத்துக்கு மதிப்பு உண்டாக்கினார். இரண்டும் உண்மை. கந்தசாமி முதலியாரே பம்மலின் 'மனோகர'னைச் சிறுவர்களுக்குப் பயிற்றுவித்தவர். ஆனால் டம்பாச்சாரி நகைச்சுவை நடிகரின் வேடத் திறமையைக் காட்டும் நாடகமாகவே நிலைத்தது. அதன் வழியில் ஒரு பரம்பரை உருவாகவில்லை. மனோகரன் உரைநடை பேசினாலும் அரசகுமாரன். தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் 'கதரின் வெற்றி' போன்ற தேசிய நாடகங்கள் நிகழ்காலத்தைத் தொட்டவைதான்; ஆனால் 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் கையில் இருந்த அரசு அவற்றைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தது. மடாதிபதியின் ஒழுக்கக்கேட்டைச் சாடிய 'சந்திரகாந்தா' வெறும் துப்பறியும் கதை என்ற போர்வையில் ஊர் ஊராகப் போனது.

அந்த நாவல்கள் மட்டமானவை, ஆங்கிலச் சரக்கு என்ற மறுப்பு சற்றுக் கடினமானது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவலாசிரியர் ரெய்னால்ட்ஸை அள்ளி அள்ளித் தமிழாக்கிய காலம் அது. இந்த வகை எழுத்தே அந்தக் காற்றில் வளர்ந்ததுதான். இலக்கியமாக அவற்றுக்கு வக்காலத்து வாங்கும் எண்ணம் எனக்கில்லை. மேடை அவற்றிடம் நடையழகைக் கேட்கவில்லை. ஒரு காட்சி அடுத்த காட்சியைக் கட்டாயமாக்கும் அமைப்பைக் கேட்டது. அது அவற்றில் தாராளமாக இருந்தது. அதே காலத்து உயர்ந்த நாவல்களை யாரும் அவ்வளவு ஆவலாக மேடைக்குக் கொண்டுவரவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

1935இல் 'மேனகா' ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமானபோது டி.கே.எஸ். குழுவினரே நடித்தார்கள்; என்.எஸ். கிருஷ்ணனைத் திரையில் மக்கள் முதலில் பார்த்தது அதில்தான். அதே ஆண்டு 'ராஜாம்பா'ளும் படமாயிற்று. 1951இல் 'ராஜாம்பாள்' மறுபடி படமானபோது ஆர்.எஸ். மனோகர் அதில் அறிமுகமானார். பின்னாளில் அவர் நாடகக் குழு அமைத்து 'இலங்கேஸ்வர'னைத் தந்திரக் காட்சிகளோடு மேடையேற்றிக் கூட்டம் கூட்டினார். புராணம் மேடையை விட்டுப் போகவே இல்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். போகவில்லைதான். ஆனால் மனோகரின் ராவணன் விடியும்வரை பாடவில்லை; எழுதிவைத்த வசனத்தைப் பேசினான்.