ராமச்சந்திரன் வரைபடம்

புரதத்தின் வடிவம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் படம். ஆய்வகங்களில் 'ராமச்சந்திரன் பிளாட்' என்றே சொல்வார்கள். விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன் பெயரால் வந்தது. அந்த 'ஜி', திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணிப் பாசனத்து ஊரான கோபாலசமுத்திரம். அவர் பிறந்தது 1922-இல், எர்ணாகுளத்தில். பூர்வீக ஊர் பெயரோடு கூடவே வந்தது.

1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து இதை வெளியிட்டார். அமினோ அமிலச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஃபை, சை என்ற இரண்டு கோணங்களில் திரும்பும். ஆனால் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது, அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முட்டாத கோணங்களை மட்டும் கணக்கிட்டு, மைனஸ் 180 முதல் 180 பாகை வரையான கட்டத்தில் குறித்தால் சில திட்டுகளே தேறும். பக்கக்கிளை இல்லாத கிளைசின் மட்டும் தாராளமாகத் திரியும். வெறும் வடிவக் கணக்கிலிருந்து இவ்வளவு கறாரான விதி கிடைத்தது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம் உட்பட, புரதத் தரவு வங்கிக்குப் போகும் வடிவங்களின் சரிபார்ப்பு அறிக்கையில் இந்தச் சோதனை உண்டு. இயந்திரக் கற்றலால் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கியவர்களுக்கு 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அது தரும் வடிவங்களையும் இதில் இட்டுப் பார்க்கிறார்கள். ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்காமல் போனது பெருங்குறைதான். வரைபடத்தில் ஒரு கண்ணியின் புள்ளி திட்டுக்கு வெளியே விழுந்தால், அந்தப் புரதத்துக்கு மருந்து தேடும் முன் அந்த இடத்தை மறுபடி ஆராய வேண்டும்.