விருப்ப வரிசை

நூற்றாண்டு மலருக்கு எழுதச் சொன்னபோது, குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்து படித்த எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது பல்கலைக்கழக விண்ணப்பப் படிவம்தான்.

1959 வரை நாட்டில் இருந்தது ஒரேயொரு பல்கலைக்கழகம். எங்கள் உம்மாமாருக்கு அது கனவிலும் வராத இடம். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து மாணவர் பலரின் இடத்தைப் பறித்த அதே ஏற்பாடு, வசதி குறைந்த மாவட்டங்களுக்கு வழிவிட்டது. இதைப் பற்றி எங்களுக்குள் இன்றும் வாதம் ஓயவில்லை. 2001இல் இஸட் புள்ளி வந்தது. இன்று பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் திருகோணமலையும் உண்டு.

இத்தனை இருந்தும், இஸட் புள்ளி வந்த புதிதில் எங்கள் தோழி ஒருத்தி படிவத்தில் தோற்றாள். அவளுக்குச் சட்டம் படிக்க ஆசை. கொழும்பு தூரம் என்று வாப்பா தயங்கினார். அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை. திருகோணமலை நகருக்கே பாதையில் ஏறித்தான் போகவேண்டும், வழியெல்லாம் சோதனைச் சாவடி. ஆகவே பக்கத்திலுள்ள கற்கைநெறியை முதலாவதாக எழுதினாள், சட்டத்தை நாலாவதாக. வெட்டுப்புள்ளி வெளியானபோது சட்டத்துக்கும் அவளுடைய புள்ளி போதுமாயிருந்தது. ஆனால் வரிசையில் மேலிருந்து பார்த்து, புள்ளி எட்டும் முதல் கற்கைநெறியைத்தான் தருவார்கள்; அதற்குக் கீழே பார்ப்பதில்லை. கைக்கெட்டாதது என்று நினைப்பதை மேலே எழுதினாலும் கீழுள்ளதற்கு நட்டமில்லை என்பதை அன்று எங்களுக்குச் சொல்ல ஆளிருக்கவில்லை.

அடுத்த வருடமே, படிவம் வந்ததும் தங்கைமாரை ஒரு வீட்டில் கூட்டினோம். முந்தைய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிப் பட்டியல், கைநூலின் போட்டோகொப்பி, பென்சில். முதலில் பென்சிலால் எழுதி, வாப்பாவோ நானாவோ பக்கத்தில் இருக்க வாசித்துக் காட்டி, பிறகுதான் பேனை. வாப்பாமாரைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. தேநீரும் வட்டிலப்பமும் பாதி வேலையைச் செய்தன.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு தூரத்தைப் பற்றிய பேச்சு குறைந்தது. பழைய பயங்களைச் சொல்லிச் சிரிக்கவும் தொடங்கினோம். 2021 நவம்பர் 23ஆம் தேதி, குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், அதற்குப் பதிலாக ஓடிய பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளை இழந்தோம்.

அதற்குப் பின் கூடியபோது ஒரு வாப்பா, "தூரம் வேணாம் பிள்ள" என்றார். யாரும் சிரிக்கவில்லை. விடுதி வசதி, யார் துணைக்குப் போவது, எந்த பஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், தெரிந்ததைச் சொன்னோம். அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை யோசித்திருந்துவிட்டு, மகளிடமிருந்து பென்சிலை வாங்கி, முதலாவது இடத்தில் பேராதனையைத் தானே எழுதினார்.