மருந்து சென்ற வழி

நோய்க்கு மருந்து கண்டவரைச் சரித்திரம் போற்றும். அம்மருந்தை நோயாளியின் கையில் சேர்ப்பித்தவரை அது அவ்வளவாக நினைப்பதில்லை. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. சிகிச்சை பரவிய வரலாறோ பெரிதும் அத்தகையோரின் வரலாறேயாகும்.

மூன்று மருந்துகளைச் சேர்த்து அளித்தால் எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கலாம் என்பதை 1996-ஆம் ஆண்டு வான்கூவர் மாநாட்டில் உலகம் அறிந்தது. ஆயின் ஆண்டொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் டாலர் விலை பெற்ற அம்மருந்து ஆப்பிரிக்கருக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. 2001-இல் மும்பையின் சிப்லா நிறுவனம் அதனை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. விலை இறங்கிற்று, ஆனால் மருத்துவர்களும் பரிசோதனைக் கூடங்களும் அங்கே மிகச் சிலவே. மருந்து இருந்தும் மக்கள் மாண்டனர்.

கண்டறிந்த சிகிச்சையை உள்ள வசதிகளைக் கொண்டே எவ்வாறு மக்களிடம் சேர்ப்பது என்று ஆராய்வதே செயலாக்க அறிவியல். பரிசோதனைக் கூடம் இல்லாத ஊரில் சிகிச்சை தரலாமா? உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் 2003 முதல் 2008 வரை 3,316 பேரைக் கொண்டு இக்கேள்வி ஆராயப்பட்டது. இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒழுங்காகப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 90 பேரும், அவையின்றி உடல்நிலையைக் கொண்டே கவனிக்கப்பட்டவர்களில் 87 பேரும் ஐந்தாண்டின் முடிவில் உயிருடன் இருந்தனர். கூடம் கட்டும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுவதில்லை என்பது தெளிவாயிற்று.

2011-இல் மலாவி நாடு, இரத்த அணுக்களின் எண்ணிக்கைக்குக் காத்திராமல், கிருமி தொற்றிய கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் சிகிச்சையைத் தொடங்கியது. மூன்று மாதத்தில் 1,257 பெண்கள் சிகிச்சை தொடங்கிய நாட்டில், ஓராண்டுக்குப் பின் அதே கால அளவில் 10,663 பெண்கள் தொடங்கினர்.

தொடங்குவது எளிது, தொடர்வதே அரிது. மொசாம்பிக்கின் தெத்தே மாகாணத்தில், மாதந்தோறும் மருந்து வாங்க நெடுந்தொலைவு செல்லவேண்டிய நோயாளிகள் பலர் இடையில் நின்றுவிட்டனர். நிலையம் சென்றால் அன்றைய கூலி போகும், வழிச்செலவு வேறு. 2008-இல் அங்கே ஒரு புதிய முறை தோன்றியது. ஓர் ஊரின் நோயாளிகள் அறுவர் வரை ஒரு குழுவாயினர். மாதம் ஒருமுறை கூடி, அவரவர் மாத்திரைகளை எண்ணிச் சரிபார்ப்பர். பின்னர் முறைவைத்து ஒருவர் மட்டும் நிலையத்துக்குச் செல்வார். தம் உடலைக் காட்டிக்கொண்டு, மற்றவர் நலத்தைத் தெரிவித்து, எல்லோருக்கும் மருந்து பெற்று வருவார். இவ்வாறு ஆறு பயணம் ஒன்றாயிற்று. ஆறு மாதத்துக்கொரு முறை ஒவ்வொருவரையும் மருத்துவ ஊழியர் பார்க்கவும் இயன்றது. உறுப்பினருள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையை விடாது தொடர்ந்தனர் என ஆய்வு காட்டியது. பிற நாடுகளும் இம்முறையைத் தத்தமக்கேற்ப மேற்கொண்டன.

2025-இன் தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது பல நிலையங்களின் பணி தடைப்பட்டது. இம்மருந்தோ நாள்தோறும் உட்கொள்ளவேண்டியது. நிறுத்தினால் கிருமி மீண்டும் தலைதூக்கும். ஆகவே, மருந்து சென்ற வழியைத் திறந்தது எத்துணை அரிய செயலோ, அதனை அடைபடாமல் காப்பதும் அத்துணை அரியதே.