இஸ்தான்புல் மஹல்லாக்களும் அண்டை வீட்டார் பிணையும்

நமது ஊர்களில் பள்ளிவாசலைச் சூழ்ந்து வாழும் குடும்பத்தினரை மஹல்லாவாசிகள் என்கிறோம். ஓரிடத்தில் இறங்கித் தங்குதல் என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து பிறந்த இச்சொல், துருக்கியில் 'மஹல்லே' என வழங்குகிறது. குடும்பத்தோடு குடியேற வீடு தேடுவோர் வாடகை, தண்ணீர் வசதி ஆகியவற்றோடு அக்கம்பக்கம் எப்படி என்றும் விசாரிப்பது எங்கும் வழக்கம். உதுமானியர் கால இஸ்தான்புல்லிலோ, வருகின்றவர் எப்படிப்பட்டவர் என்பதை மஹல்லாவும் விசாரித்தது.

1453-ல் சுல்தான் இரண்டாம் முஹம்மது அந்நகரை வென்றபோது அது பெரிதும் ஆளரவமற்றுக் கிடந்தது. பல நாட்டுப் பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன. சில கட்டாயமாகவே கொண்டுவரப்பட்டன. முஸ்லிம்கள் பள்ளிவாசலையும், கிறிஸ்தவர்கள் தேவாலயத்தையும், யூதர்கள் தம் ஆலயத்தையும் சுற்றி வீடமைத்தனர். இவ்வாறு சில தெருக்கள் சேர்ந்து ஒரு மஹல்லா ஆயிற்று. செல்வரின் மாளிகையும் கூலியாளின் குடிலும் ஒரே தெருவில் இருந்தது உண்டு.

மஹல்லாவாசிகள் ஒருவருக்கொருவர் பிணை. புதிதாக வருபவருக்கு அங்கு வாழ்பவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கொலைசெய்தவர் யாரெனத் தெரியாவிடில், இரத்த ஈட்டுத்தொகை அத்தெருவார் அனைவர் மீதும் விழக்கூடும். ஆகவே அண்டை வீட்டாரை அறிந்திருப்பது வெறும் நட்புக்காக மட்டுமன்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். காஜியின் முன்னும் அரசின் முன்னும் மஹல்லாவுக்காகப் பேசியவர் இமாம்.

பிணையோடு கைகொடுத்தலும் இருந்தது. 'அவாரிஸ்' எனப்பட்ட அவசர வரியைச் செலுத்த இயலாத ஏழைகளுக்காக வசதி படைத்தோர் வீட்டையோ பணத்தையோ வக்ஃபு செய்தனர். நோயாளிகளுக்கும் ஏழைகளின் ஜனாஸாச் செலவுக்கும் அதன் வருவாய் உதவியது.

கசாப்புக்காரர் இல்யாஸ் என்பவரின் பெயரைத் தாங்கிய கஸாப் இல்யாஸ் மஹல்லாவில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், தொலைதூர அரப்கிர் ஊரைச் சேர்ந்த பலர் குடியேறித் தெருத்தெருவாகக் காய்கனி விற்றுப் பிழைத்தனர். முன்பே வந்தவர் பின்னால் வந்த உறவினருக்குத் துணைநின்றார். பெருநகரில் தெரிந்த முகம் ஒன்று இருப்பதன் அருமை, பிழைப்புக்காகச் சென்னைக்கோ கொழும்புக்கோ சென்ற நம்மவர்க்குப் புதிதன்று.

ஆயினும் இவ்வேற்பாட்டை முழுவதும் புகழ நமக்கு மனம் வரவில்லை. அண்டை வீட்டார் ஒன்றுகூடி, 'இவர் நடத்தை சரியில்லை' என்று காஜியிடம் சாட்சி கூறி ஒருவரை மஹல்லாவைவிட்டே வெளியேற்ற முடிந்தது. அவ்வாறு வெளியேற்றப்பட்டோரில் பெண்களும் உண்டு. குற்றத்திற்கு நேரடிச் சாட்சி இல்லாவிடினும், ஊர் வாயில் விழுந்த பெயரே போதுமானதாயிற்று. பிணை நிற்க ஆளில்லாத ஏழைக்கும் அந்த அன்பான தெருவின் கதவு திறக்கவில்லை.

1829-ல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் இஸ்தான்புல் மஹல்லாக்களுக்கு 'முக்தார்' எனும் பொறுப்பாளர்களை நியமித்தார். இமாமின் நிர்வாகப் பொறுப்புகள் படிப்படியாக அவர்களிடம் சென்றன. துருக்கியில் இன்றும் ஒவ்வொரு மஹல்லேயும் தன் முக்தாரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. குடிவருபவரிடம் பிணை கேட்பார் மட்டும் இல்லை.