புகையிலைக் குடாநாடும் மூச்சுக்குழாய்ப் பரிசோதனையும்

ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதன்மைப் பணப்பயிராகிவிட்ட புகையிலை, திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய நாள்முதல் 1934இல் யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைந்த காலம்வரையும் அதற்குப் பின்னரும், கமக்காரரின் கல்வீட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் சீதனத்துக்கும் பணம் ஈட்டித் தந்தது. தென்னிலங்கைச் சந்தையை நம்பிய சுருட்டுக் கொட்டில்களில், கோடா என்னும் சாறு ஏற்றிப் பதப்படுத்திய புகையிலையைத் தொழிலாளர் நிரையாக அமர்ந்து சுற்ற, ஒருவர் பத்திரிகையையும் தொடர்கதைகளையும் உரத்து வாசிப்பார். எழுத்தறியாதோர் பலருக்கு நாட்டு நடப்பைக் கற்பித்த இடம் அதுவே என்பதை மறந்து இத்தொழிலின் வரலாற்றை எழுத முடியாது.

இதன் மறுபக்கம் பிந்தியே தெளிவாயிற்று. 1950இல் பிரித்தானியாவில் டோல், ஹில் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு, புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியது. சுருட்டுப் புகையைப் பலர் ஆழமாக உள்ளிழுப்பதில்லையாதலால் அதன் கேடு வாயிலே கூடுதலாக வெளிப்பட்டதாயினும், நுரையீரலும் தப்பவில்லை. ஆனால் நீடித்த இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிவு ஆகியவை சயரோகத்துக்கும் புற்றுக்கட்டிக்கும் பொதுவானவை; எக்ஸ்ரே படத்திலும் இரண்டும் ஒரே வகை நிழலாக விழக்கூடும் என்பதால், சயரோகம் பரவலாயிருந்த நாட்டில் முதற்சந்தேகம் அதன்மேலேயே விழுந்தது.

இந்த ஐயத்தைத் தீர்க்கும் வழிகளில் முதன்மையானது, மூச்சுக்குழாயினுள் கருவி செலுத்திப் பார்க்கும் பிரொங்கோஸ்கோப்பி என்னும் பரிசோதனையாகும். 1897இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாஃப் கில்லியன், ஒரு விவசாயியின் வலது மூச்சுக்கிளையில் சிக்கிய பன்றி எலும்பை விறைப்பான உலோகக் குழாய்வழி எடுத்ததோடு தொடங்கிய இம்முறை, 1960களின் பிற்பகுதியில் ஜப்பானியரான ஷிகெட்டோ இகெடா வளையும் கண்ணாடி இழைக் கருவியை உருவாக்கியபின் பரவலாயிற்று. மூக்கையும் தொண்டையையும் மரக்கச் செய்து, குரல்நாண்களுக்கு இடையே இறக்கப்படும் பென்சிலினும் மெல்லிய அக்குழாய், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் முகட்டைக் கடந்து கிளைகளுக்குள் நுழைகிறது. கட்டி கண்ணுக்குத் தென்பட்டால் நுண்ணிய இடுக்கி அதன் இழையத்தைக் கிள்ளி எடுக்கிறது, சிறு தூரிகை உயிரணுக்களைத் துடைத்தெடுக்கிறது, உட்செலுத்தி உறிஞ்சிய உப்புநீரில் சயரோகக் கிருமியும் தேடப்படுகிறது. நுரையீரலின் ஓரத்திலுள்ள கட்டிகள் இக்கருவிக்கு எளிதில் எட்டுவதில்லை, அவற்றுக்கு சீ.டி. படத்தின் துணையோடு மார்புச் சுவர்வழி ஊசி செலுத்துவதே பெரும்பாலும் வழியாகிறது.

பரிசோதனை முறை இருந்தும், உள்நாட்டுப் போர்க்காலத்தில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை நெடுங்காலம் மூடப்பட்டிருந்தபோது, கொழும்பை அடுத்த மகரகம புற்றுநோய் வைத்தியசாலையை நாடிய குடாநாட்டு நோயாளிக்குப் பயணமே பெருந்தடையாயிற்று. காலந்தாழ்ந்த நோய்க்கணிப்புக்கு அந்நோயாளிகளைக் குற்றஞ்சாட்டுவது அநீதியாகும். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாள்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து திரட்டப்பட்ட நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்ததால் சிகிச்சை வீட்டருகே வந்தது. ஆயினும் சிகிச்சைக்கு முன்னர் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும். ஆகவே, சளியில் சயரோகக் கிருமி இல்லை என்ற முடிவோடு வீடு திரும்பும் புகைப்பழக்கமுள்ளவர், இருமல் நிற்கவில்லையெனில் அடுத்த பரிசோதனை என்னவென்று வைத்தியரிடம் கேட்டே ஆகவேண்டும்.