3:59-க்கு ஏன் இவ்வளவு கூட்டம்?

மாரத்தான் ரிசல்ட்டைத் திறந்தா, நான் முதல்ல தேடுறது ஜெயிச்சவரை இல்ல; 3 மணி 59 நிமிஷத்துல வந்தவங்களை.

காரணம் இருக்கு. 2017-ல நாலு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, கிட்டத்தட்ட 1 கோடி ஓட்ட நேரங்களை அலசியது. 4 மணிக்குச் சற்று முன்னால ஒரே கூட்டம். தாண்டினதும் சட்டுனு குறையுது. 40 கிலோமீட்டருக்கு அப்புறம் பெரும்பாலானவங்க தளர்ந்துடுறாங்க. ஆனா 4 மணியை நூலிழையில பிடிச்சிடலாம்ங்கிற நிலையில இருக்கிறவங்க, அங்க வேகம் கூட்டுற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம்.

இந்தக் கோட்டைப் போட்டது யாரு? 42.195 கிலோமீட்டர், 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல விண்ட்சர் கோட்டையில தொடங்கி அரச குடும்பத்து இருக்கைக்கு எதிரே முடிஞ்ச தூரம். 1921-ல அதுவே விதியாச்சு. மணிக்கு 60 நிமிஷம்ங்கிறது பாபிலோனியக் கணக்கு முறையோட மிச்சம்.

ரெண்டுமே உங்க உடம்பைக் கேட்டு வெச்சதில்ல. ஒரு ரவுண்டு நம்பரால கடைசி 2 கிலோமீட்டர்ல புதுத் தெம்பு வருதுன்னா, சந்தோஷமா வாங்கிக்கோங்க. ஆனா 4:01-ல முடிச்சதுக்காக வாடாதீங்க. பாபிலோன்ல வேற கணக்கு இருந்திருந்தா, நீங்க ஜெயிச்சிருப்பீங்க!