சுவாதிக்கு மேலே ஒரு கூட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருப்பாவை பாடிய ஆண்டு கி.பி. 731 என்று கணித்தார் தமிழறிஞர் மு. இராகவையங்கார். வெள்ளி உதித்ததையும் வியாழன் மறைந்ததையும் பதின்மூன்றாம் பாசுரத்தில் ஒருசேரச் சொல்கிறாளே, அதுதான் ஆதாரம். வேறு ஆண்டு சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு விடியலைக் கணக்குப் போட்டுத் தேட முடிகிறது. கோள்கள் தம் பாதை மாறாமல் சுற்றுவதால்தான் அது முடிகிறது.

எல்லா வானமும் அப்படி இல்லை; பாதைகள் மெல்லச் சுருங்கும் இடங்களும் உண்டு. இராஜபாளையத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்தபோது மார்கழி விடியலில் பிள்ளைகளுக்குக் கிழக்கே சுவாதியைக் காட்டுவேன். அதற்கு மேலே, உத்திர நட்சத்திரத்துக்குப் போகும் வழியில் சற்று வடக்கே ஒதுங்கி இருக்கிறது கோமா கூட்டம். சுமார் 32 கோடி ஒளியாண்டு தொலைவு, வெறுங்கண்ணுக்கு எட்டாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் அங்கே விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவு வேகத்தில் பாய்கின்றன. இந்த வேகத்தை வைத்துத்தான் 1933-இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கண்ணுக்குப் புலப்படாத பொருள் அங்கே ஏராளமாக இருக்க வேண்டும் என்றார்.

அந்தக் கூட்டத்தில் கனமான கேலக்ஸிகளின் பாதைகள் ஏன் சுருங்குகின்றன என்பதற்கான கணக்கு நம்மவருடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், அமெரிக்காவில் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தபோது 1943-இல் அதை வெளியிட்டார். விண்மீன்களுக்காகப் போட்ட கணக்கு அது. கனமான ஒன்று கூட்டத்துக்குள் ஓடும்போது சுற்றியுள்ளவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. அவை வந்து சேர்வதற்குள் அது நகர்ந்துவிடும். ஆடிப்பூரத் தேர் கடந்ததும் பின்னால் சனம் கூடுவதுபோல அவை அதன் பின்னே திரண்டு, தம் ஈர்ப்பால் பின்னுக்கு இழுக்கின்றன. கனம் கூடக்கூட இழுப்பும் கூடும். வேகம் குறைந்து அது நடுவை நோக்கி இறங்கும்.

1975-இல் வானியலாளர்கள் ஆஸ்ட்ரைக்கரும் டிரிமெய்னும் இதே கணக்கைக் கேலக்ஸிக் கூட்டங்களுக்குப் பொருத்தினார்கள். நடுவில் வீற்றிருக்கும் பெரிய கேலக்ஸி, இறங்கி வருபவற்றை விழுங்கியே பெருக்கிறது என்றார்கள்.

சந்திரசேகர் என்றால் அவர் பெயரிலுள்ள எல்லையையும் 1983 நோபல் பரிசையும் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆசிரியர்களே, இந்த 1943 கணக்கையும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஈர்ப்பு விதி படித்தவர்களுக்கு இது நிச்சயம் புரியும்.